ஐந்து சென்ட் தோட்டம்

வீராயி கடைக்கு முன்னால் வந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. பலகையை இரண்டு தட்டுத் தட்டினாள். அப்துல் சமது நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்ததும், துவரம்பருப்பு டப்பாவைக் கைகாட்டி, ஒரு விரலை நீட்டி, அதை மறு கையால் பாதியாக வெட்டிக் காட்டினாள். அரைக் கிலோ. அவர் தலையசைத்துவிட்டு எடை போட்டார்.

மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஜமீலா இதைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கணவர் பின்னறையில் சாப்பிடப் போனதும், வீராயிக்குப் பருப்பைக் கட்டிக் கொடுத்தபடி, தொண்டை கட்டிக்கொண்டதா என்று கேட்டாள்.

"எனக்கென்னங்க? பாய்க்குத்தான் காது கேக்காதுங்களே. ஊட்டுல இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

சொன்னதும் வீராயியின் முகம் மாறியது. ஜமீலாவிடம் சொல்ல வேண்டாம் என்று பாய் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாராம். எஸ்டேட்டில் காப்பி பறிக்கிற பெண்கள், அங்கே கணக்கெழுதும் ரைட்டர், பஸ் கண்டக்டர், மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகள் என்று நாகலூரில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக ஊரே அவருக்காகக் கையால் பேசிக்கொண்டிருந்தது.

ஜமீலாவுக்கு முதலில் அழுகை வரவில்லை. காதுக்கு வைக்கிற மிஷின் என்ன விலை இருக்கும் என்ற எண்ணம்தான் வந்தது. அது வந்த வேகத்தைப் பார்த்து அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது. அதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

சிக்கனம் அவளுக்குக் கஷ்டமாக இருந்ததே இல்லை. வெந்நீருக்கு எஸ்டேட்டில் வெட்டிக் கழிக்கும் காப்பிக் குச்சி. பாத்திரம் கழுவிய தண்ணீர் செளசெளப் பந்தலுக்கு. புதுத்துணி பெருநாளுக்கு மட்டும். அப்படிச் சேர்த்துத்தான் இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டை ஒட்டிய ஐந்து சென்ட் இடத்தை வாங்கினார்கள். பீன்ஸ் போட்டாள், சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றினாள், ஓரமெல்லாம் டேலியாப் பூச்செடி வைத்தாள். சாயங்காலம் இருவரும் தேநீரோடு அங்கே உட்காருவார்கள். அவள் களை பிடுங்கிக்கொண்டே பேசுவாள். அவர் சிரித்தபடி தலையாட்டுவார். கல்யாணமான புதிதில் பேச்சுக்குப் பேச்சு மறுத்த மனிதர் இப்போது பக்குவப்பட்டுவிட்டார், எங்கள் வீட்டில் சண்டையே இல்லை என்று ஆத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஷபானாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த ஷபானா ஒருமுறை, அத்தாவுக்கு என்மேல் கோபமா, போனில் பேசவே மாட்டேன் என்கிறாரே என்று கேட்டபோது, கடையில் ஆள் நின்றிருக்கும் என்று இவளே சமாதானம் சொன்னாள். ரவை கேட்டவருக்கு அவர் மைதாவைக் கட்டிக் கொடுத்த அன்று, நாலு பேர் முன்னால், கவனத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கத்தியதும் இவள்தான்.

அன்று மாலை அவர் தோட்டத்தில் குனிந்து பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். ஜமீலா நாலடி பின்னால் நின்று, "ஏனுங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு நாய் எழுந்து பார்த்தது. அவர் அடுத்த கொடிக்கு நகர்ந்தார். எத்தனை நாள் இப்படி அவர் முதுகுக்குப் பின்னால் பேசியிருப்பேன் என்று நினைத்தாள். சுற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவர் புரிந்துகொண்டார்.

"வீராயி சொல்லிட்டாளா?"

அவள் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். சரக்கு எடுக்கச் சேலம் போனபோது டாக்டரிடம் காதைக் காட்டினாராம். மிஷின் வைக்கச் சொன்னார்களாம். அந்த வாரம்தான் இந்த இடம் விலைக்கு வந்தது.

"நீ அன்னிக்கு நொம்ப சந்தோசமா இருந்த, ஜமீலா. இதச் சொன்னா இடத்த வேண்டாம்னுருவே."

வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? இப்போதைக்கு மிஷினைத் தள்ளிப்போடலாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றியபோது அவரைப் பார்க்க முடியவில்லை. பறித்த பீன்ஸை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தோட்டத்துக்குக் கம்பிவேலி போட வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அந்த வாரமே சேலம் போனார்கள். பரிசோதித்த டாக்டர் சின்னப் பெண். இடது காதுக்கு மிஷின் வைத்துப் பயனில்லை என்றாள். ரொம்ப நாள் கேட்காமலே விட்டால் காதுக்குப் பேச்சு மறந்துவிடும், சத்தம் காதில் விழும், வார்த்தை புரியாது, அப்போதே வைத்திருந்தால் இரண்டு காதும் உதவியிருக்கும் என்று ஜமீலாவைப் பார்த்துச் சொன்னாள். அப்துல் சமது, டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வலது காது நன்றாக இருக்கிறதாம் என்றாள் ஜமீலா.

வலது காதில் மிஷினை வைத்துக்கொண்டு திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டரின் விசிலுக்கு அவர் திடுக்கிட்டுச் சிரித்தார். வழியெல்லாம் காதருகே கையை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஷபானாவிடம் கால் மணி நேரம் பேசினார். அந்தப் பக்கம் மகள் அழுவது ஜமீலாவுக்கும் கேட்டது.

நான்காம் நாள் மாலை, கடையிலிருந்து வந்தவர் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மிஷினைக் காதிலிருந்து கழற்றினார்.

"டப்பாவுல வெச்சுரு. கடைக்கு இருந்தாப் போதும். ஊட்டுல எதுக்கு? பேட்டரி தீந்துருமில்ல."

அவள் கையில் வைத்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போனார்.

"போட்டுக்கங்க," என்றாள் ஜமீலா, அவர் முதுகைப் பார்த்து.

விரல்களை மூடினாள். அணைக்காமல் விட்ட மிஷின் உள்ளங்கைக்குள் கீச்சென்று மெல்லியதாகக் கூவத் தொடங்கியது. அவர் குனிந்து, ஒவ்வொரு செளசெள வேராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். அவள் கைக்குள் அது கூவிக்கொண்டே இருந்தது.