பின்வரிசையில் டென்னி

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் கச்சேரி இடைவேளை; பிங்கோ என்னும் எண் சூதாட்ட நேரம். எண்களை வாசிக்கும்போது ஆண்டவனே வந்து பாடினாலும் வாயை மூடச் சொல்வார்கள். நாங்கள் நால்வரும் பீர் பெட்டிகள் அடுக்கிய அறையில் ஒடுங்கியிருந்தோம். அறுபதுகளில் எங்கள் பாடகர் டென்னி ஹோல்ராய்டின் ஒரு பாட்டு நாடு முழுக்க ஒலித்தது. அதை வைத்தே எங்கள் இசைக்குழு இன்னும் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் ஆர்கன் வாசிப்பவள்.

அன்று முதல் பாதியில் டென்னியின் குரல் பிசிறடித்தது. கூட்டம் முதுகைத் திருப்பிக்கொண்டு பீர் வாங்கப் போய்விட்டது.

கிளப் செயலாளர் ஆர்ன்ஷா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டென்னி. இந்தாங்க, பேசின பணம். நீங்க கெளம்புங்க. குழு இருக்கட்டும். அந்தக் கிட்டார் பையன் பாடட்டும்."

பாதியில் பணத்தைத் திணித்து அனுப்புவது எங்கள் தொழிலில் செருப்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவரு போனா நாங்களும் போறோம். நீயே மேடையேறி ஆடிக்கோய்யா!"

"தாராளமா போங்க மோரீன். அப்புறம் யார்க்‌ஷயர்ல எந்தக் கிளப் உங்களக் கூப்பிடுதுன்னு பாக்குறேன்."

கிட்டார் வாசிக்கும் கிளைவ் தரையையே பார்த்தான். அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

டென்னி தன் பளபளப்பான ஊதாக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"யாரு பாடணும்னு சொல்றது குழுத்தலைவன். அது நான்தான். கிளைவ் பாடுவான். நான் பின்னால நின்னு தாம்பரின் தட்டுறேன்."

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றேன்.

"நெறையவே இருக்கு. நீ வாயை மூடிக்கிட்டு வாசி."

கிளைவ் நன்றாகவே பாடினான். பாவி, நன்றாகப் பாடுகிறானே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து ஆடினார்கள். கடைசியில் மேசையைத் தட்டி, டென்னியின் அந்தப் பாட்டையே கேட்டார்கள், கிளைவிடம்.

கிளைவ் டென்னியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"என்னடா பாக்குற? சனங்க கேக்குறாங்கல்ல, பாடு!" என்று அதட்டிவிட்டு, டென்னியே தாளம் எண்ணித் தொடங்கிவைத்தார்.

கிளைவ் பல்லவியை எடுத்தான். இசைத்தட்டில் வேறு யாரோ பாடிய அந்தப் பின்குரல் 'ஊ... ஊ...'வை, தாம்பரினைத் தட்டியபடி டென்னி பாடினார். பிசிறே இல்லை. இரவல் வாங்கிய பாட்டைப் பாடுகிறவர்போல அத்தனை பணிவாகப் பாடினார். கண்ணீர் என் கண்ணை மறைத்தது. விரல்கள் தாமாக வாசித்தன.

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. டென்னி மைக்கருகே வந்தார்.

"பாடினது கிளைவ்," என்றார். தன் பெயரைச் சொல்லவில்லை.