ஜெயபாரதியின் லேப்டாப் வைஃபைக்குள் போகாத ஐம்பது நிமிடம்

1

இந்தக் கதை பொறாமையில் ஆரம்பித்தது. மழையில் ஆரம்பித்ததாக இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். ‘ஐப்பசி மழை சீர்காழிப் பக்கத்து வயல்களை...’ அதற்கு மேல் போகவில்லை. பழியை மழைமேல் போடுவது ரொம்ப வசதியாக இருந்தது.

தஞ்சாவூரில் விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீடு பதிந்து தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெயபாரதியும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மேலாளர் பதவிக்கு இரண்டு பேருமே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது.

(அதனால்தான் பொறாமை என்று முடித்தால் பாதி பொய். விவசாயிகள் அவளைப் பெயர் சொல்லித் தேடி வருவார்கள். ஆறு வருடமாகியும் எனக்கு ‘நெட்டு தம்பி’ என்றுதான் பெயர்.)

2

தண்ணீரில் மூழ்கிய சம்பா வயல்களின் பட்டியலை ஏற்ற அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். மூன்றரைக்கு ஜெயபாரதி லேப்டாப்போடு என் மேஜைக்கு வந்தாள். காலையில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். புதியதைச் சரியாகப் போட்டாலும் வைஃபை விடவில்லை. கணக்கு பூட்டப்பட்டிருப்பதாக வந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் பட்டியலைத் திறக்கவே முடியாது.

யார், எந்தக் கருவியிலிருந்து உள்ளே நுழைய முயன்றார்கள் என்று சர்வரில் இருக்கும் பதிவுகளைப் பார்த்தேன். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவள் கைப்பையில் இருந்த செல்போன் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை தவறினால் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். செல்போனில் வைஃபையை அணைத்து, கணக்கைத் திறந்து, லேப்டாப்பில் புதிய பாஸ்வேர்டைப் போட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை.

“சர்வர்ல ஏதோ பிரச்சினை. பாத்துச் சொல்றேன்” என்றேன்.

3

இந்த இடத்தில், கதையில் ‘நான்’ என்று வரும் இவன்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரத்தநாட்டில் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. தேங்கிய தண்ணீரில் இளம்பயிர் அழுகும் நாற்றம் தெரிந்தவன். அப்படிப்பட்டவன் எப்படி... [இந்த வாக்கியமும் நின்றுவிட்டது.] முந்தைய வரைவில் இவனுக்கு ஒரு தலைவலி கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அன்று தலை நன்றாகத்தான் இருந்தது.

அவள் தவிப்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். ஆனால் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் வேலை பார்க்கிறேன் என்று நம்பி, டீ வாங்கி வந்து வைத்தாள். அந்தப் பொறுமைமீதும் பொறாமை வந்தது. டீயைக் குடித்தேன்.

நாலு இருபதுக்கு அவளுடைய செல்போனைக் கேட்டு வாங்கினேன். லேப்டாப் உடனே உள்ளே போயிற்று. ஒவ்வொரு வயலாக, சர்வே எண்ணோடு ஏற்றினாள். ஐந்துக்குத் தளம் மூடியபோது பதினான்கு பேர் மிச்சம்.

“நீங்க இல்லன்னா இதுகூட போயிருக்காது” என்றாள்.

4

முடிவு ஒன்று: கெடுவை நீட்டிக்கிறார்கள், பதினான்கு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். எழுதும்போது நிம்மதியாக இருந்தது. நடக்கவில்லை.

முடிவு இரண்டு: ஜெயபாரதி பதிவுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள், என் வேலை போகிறது. அதுவும் இல்லை. பதிவுகளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நடந்தது இதுதான். மறுநாள் காலை, சொல்லிவிடுவது என்று அவள் அறைக்குப் போனேன். விடுபட்ட பதினான்கு பேரில் ஒருவரான ரெங்கசாமியோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள். கடைசி நாளில் பாஸ்வேர்டை மாற்றியது தன் தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டாள். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள்.

“நெட்டு விவரம் இவருக்குத்தான் தெரியும்யா. இவர்கிட்டயே கேட்டுக்கங்க.”

“சொல்லுங்க தம்பி” என்றார் ரெங்கசாமி. “எங்களுது மட்டும் ஏன் போகல?”

அடுத்த வரியை நாலு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறேன். ஐந்தாவதை நீங்கள் எழுதுங்கள். ஜெயபாரதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.