சூசையப்பரைத் திருடியவள் மழை எழுத விடவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டு மாடத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது, அங்கிருந்துதான். அங்கே நின்றிருந்த சூசையப்பர் சுரூபத்தை பெப்ரவரியில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ என்ன யாரோ, பக்கத்துத் தோட்டத்து லிந்தால்வாதான். துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கோழிக்குத் தீனி போட்டபடியே வேலி வழியாகப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிரேசிலில் எங்கள் வறட்டுச் சீமையில் மழை பொய்த்தால் இதுதான் வழக்கம். புனிதரைத் திருட வேண்டும். பறிகொடுத்தவர் மூச்சு விடக் கூடாது. மழை பெய்ததும் திருடியவரே ஊரைக் கூட்டி, பாட்டோடும் வெடியோடும் ஊர்வலமாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பெய்கிற வரைக்கும் அவர் பிணைக்கைதி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானம் கறுத்தது. காற்றில் ஈர மண்ணின் வாசனை..."

போதும். இதை எத்தனை பேர் எழுதியாகிவிட்டது. கதைகளில் காதலர்கள் பிரிந்தால் மழை, யாராவது செத்தால் மழை. அந்த மழையில் ஒருத்தராவது விதை போட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நனைகிறார்கள், அழுகிறார்கள், போய்விடுகிறார்கள்.

எங்களுக்கு மழை என்றால் கூரை ஓட்டுத் தண்ணீர் குழாயில் இறங்கித் தொட்டிக்குள் விழுகிற சத்தம். வருஷம் முழுக்கக் குடிக்க அதுதான். செத்துப்போனது போல் நிற்கிற சாம்பல் நிறக் காடு ஒரே வாரத்தில் பச்சையாகும். ஆட்டுக்கு மடி இறங்கும். ஜூன் மாதம் யோவான் திருவிழா நெருப்பில் சுட மக்காச்சோளக் கதிர் இருக்கும்.*

* மார்ச்சில் வருகிற சூசையப்பர் திருநாளுக்குள் மண் நனைந்தால்தான் அந்தக் கதிர். நனையாவிட்டால் ஊரே கையை உதறிவிடும்.

3

லிந்தால்வாவை வேலியோரம் நிறுத்தி அழவைத்தேன். அவள் கண்ணீர் காய்ந்த மண்ணில் [இல்லை. இது அவள் இல்லை. புருஷனை அடக்கம் செய்த அன்றைக்கே சாயங்காலம் காணாமல் போன ஆட்டைத் தேடிப் போனவள். நான் யார் அவளை அழவைக்க?]

அவளிடம் மிஞ்சியிருப்பது சோடா பாட்டிலில் அடைத்து வைத்த விதை மக்காச்சோளம். மாமியார் காலத்திலிருந்து அறுவடைக்கு அறுவடை எடுத்து வைத்து வந்த வித்து. காய்ந்த மண்ணில் போட்டால் எறும்பும் புறாவும் தின்னும். மழையும் வராவிட்டால் அந்த வித்தே உலகத்தில் இல்லை. மழை வந்த பிறகு போடலாம் என்றால், எங்கள் மழை அவ்வளவு நேரம் நின்று பேசுகிற மழை இல்லை.

சாவோ பாவுலோவிலிருந்து மகன் ஜெனில்சன் ஓயாமல் போன் போடுகிறான். விதையை அரைத்துத் தின்று தீர், ஆட்டை விற்று பஸ் ஏறு என்கிறான். அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"உனக்கு இத்தனை வருஷம் சோறு போட்டது இந்த மண்ணுதான். இப்ப அதுக்கு நான் போடப் போறேன். போனை வைடா."

4

திருநாள் வந்தது, வெயில் காய்ந்தது, போயே போனது. அன்றைக்கு நான் ஒரு முடிவு எழுதினேன். இடி இடிக்கிறது, ஓடெல்லாம் சடசடக்கிறது, லிந்தால்வா நனைந்துகொண்டே சூசையப்பரை ஏந்தி வருகிறாள். காபி குடிக்க வந்த லிந்தால்வாவுக்கே வாசித்துக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது எந்த மழை, அக்கா?"

"கதையில வர்ற மழைடி. ஒரு ஆறுதலுக்கு."

"என் தொட்டிக்குள்ள கைய விட்டுப் பாரு, ஆறுதல் நனையுதான்னு. உன் சாமி திரும்பி வரணும், அதுக்குத்தான எழுதுன? நெசமா ஒழுகுற வரைக்கும் தர மாட்டேன். அழி அத."

அழித்தேன். நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாமியை அவள் வீட்டுக்குள்ளும் வைக்கவில்லை. வயல் ஓரத்தில் கவிழ்த்த வாளியின் மேல், கொதிக்கிற வெயிலில் நிறுத்தியிருக்கிறாள். நிழலில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள்.

5

மறுநாள் காலையில் மண்வெட்டிச் சத்தம். போய்ப் பார்த்தால் குழி வெட்டுகிறாள், வித்துப் போடுகிறாள், காலால் மூடுகிறாள். ஒவ்வொரு குழியிலிருந்தும் புழுதி கிளம்புகிறது. ஊரில் ஒருத்தரும் விதைக்கவில்லை. பாவாடைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வாளி மேலிருந்து சூசையப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடமும் ஒரு பாட்டில் காராமணி இருந்தது. திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனேன்.

"எழுதப் போகலையாக்கா?"

"அந்த வரிசைய விட்டுக் குடு. பேசாத."

6

முடிவு ஒன்று: மழை. அதை அவள் அழிக்கச் சொல்லிவிட்டாள்.

முடிவு இரண்டு: மழை இல்லை. லிந்தால்வா பஸ்ஸில் ஏறுகிறாள், மடியில் என் [இதை எழுத மாட்டேன். யார் கேட்டாலும் மாட்டேன்.]

வித்து மண்ணுக்குள் இருக்கிறது. மேலே வெயில். இன்றைக்கு இருப்பது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொட்டுகூட என்னால் சேர்க்க முடியாது. கதைக்கு முடிவு கேட்டே தீருவீர்கள் என்றால் மழையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பெய்ய வைத்தவர்தான் சாமியைத் தூக்கி வர வேண்டும், சேற்றில் வெறுங்காலோடு, பாடிக்கொண்டு. மாடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

வழியில் லிந்தால்வா நிற்பாள். "கையைக் காட்டு" என்பாள். நனைந்திருக்க வேண்டும்.