ஓஸ்னியேலுக்கு விட்ட இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நாற்பத்தேழு விநாடி ஓடும் ஒரு கைப்பேசிக் காணொளியிலிருந்து வந்தது. அதில் ஒரு பெண் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கிளாரினெட் வாசிக்கிறாள். பின்னால் காலி நாற்காலிகள். வலது ஓரத்தில் மங்கலாக ஒரு கட்டைவிரல் தெரியும். அது என்னுடையது. மூன்று வருஷமாக அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எப்படித் தொடங்குவது என்று பலமுறை எழுதிப் பார்த்தேன்.

‘2021 ஜூலை பதினொன்றாம் தேதி, கியூபாவின் வானம் செக்கச் சிவந்த—’ (வேண்டாம். வானத்தில் ஆரம்பித்தால் தரைக்கு வந்து சேர ஒரு பக்கம் ஆகும்.)

‘ஓஸ்னியேல் ஒரு மாவீரன்.’ (அவனே விழுந்து விழுந்து சிரிப்பான்.)

‘அன்று கடைக்குக் கோழி வருகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது.’

இது சரி. இது உண்மையும்கூட. காலை ஆறு மணியிலிருந்து ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கோழி வரவில்லை. மற்ற ஊர்களில் மக்கள் தெருவில் இறங்கிவிட்ட செய்தி கைப்பேசியில் வந்தது. வரிசை கலையவில்லை, அப்படியே நடக்கத் தொடங்கியது.

2

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் பெயர்களும் மாற்றியவை, என் பெயர் உட்பட. நான் ஏவேலியோ, நகர பேண்டில் இரண்டாம் கிளாரினெட். முதல் கிளாரினெட் இடானியா அக்கா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பெரிய டிரம் ஓஸ்னியேல். எங்களை நடத்துபவர் பால்தோமேரோ மாஸ்டர்.

தொற்றுக் காலம். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது நின்றுபோயிருந்தது. ஆனாலும் ஏழெட்டுப் பேர் கூடத்தில் ஒத்திகைக்கு வந்திருந்தோம். ஜன்னலுக்குக் கீழே ஊர்வலம் போனது. விடுதலை, விடுதலை என்று கத்திக்கொண்டு போனார்கள்.

ஓஸ்னியேல் குச்சியைக் கீழே வைத்தான்.

“கேக்குதா? ஆளுக்கு ஒரு வேகத்துல கத்துறாங்க. காது கூசுது.”

“உனக்கென்னடா வந்துச்சு? ஜன்னலைச் சாத்து” என்றார் மாஸ்டர்.

“சாத்திட்டா தாளம் சரியாயிடுமா மாஸ்டர்?”

“ஓஸ்னியேல், உக்காரு.”

“நாலு தெரு வரைக்கும் கூடப் போய் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துட்டுத் திரும்பிடுறேன். இல்லன்னா ராத்திரி தூக்கம் வராது.”

டிரம்மின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினான். ஒரு நிமிஷம் கழித்து அந்தக் கூச்சல் ஒரே குரலானது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. (இந்த வரியை அடித்துவிடச் சொன்னாள் அக்கா. “சிலிர்த்துச்சுன்னு எழுதாத. நீ மேஜைக்கு அடியில உன் செருப்பைத் தேடிட்டிருந்த.” நானும் கூடப் போவதற்காகத்தான் தேடினேன். கிடைத்தது. போகவில்லை.)

சாயங்காலத்துக்குள் அவனைப் பிடித்துவிட்டார்கள். டிரம்மையும்தான். பொது ஒழுங்கைக் கெடுத்தது ஒரு குற்றம். அரசாங்கச் சொத்தான டிரம்மை அதற்குப் பயன்படுத்தியது இன்னொன்று. அன்றே இணையம் போய்விட்டது.

3

இணையம் திரும்பி வந்தபோது இடானியா அக்கா என்னைக் கூடத்துக்கு அழைத்தாள்.

“போனைப் பிடி. நேராப் பிடி. உன் கை ஆடும், தெரியும்.”

“எதுக்குக்கா இது?”

“நான் வாசிக்கிறது உனக்குப் புரியாட்டி நீ கிளாரினெட்டை விட்டுட்டு வெங்காயம் விக்கப் போ.”

திருவிழா ஊர்வலத்துக்கு வாசிக்கும் கொங்கா மெட்டு ஒன்று எங்களிடம் உண்டு. ஓஸ்னியேல் போட்டது. அதன் நடுவில் எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். பெரிய டிரம் மட்டும் தனியாக நாலு அடி அடிக்கும். பிறகு எல்லோரும் பாய்வோம். அக்கா அந்த இடம் வரை வாசித்தாள். கருவியை இறக்கினாள். சும்மா நின்றாள். பிறகு வாசித்து முடித்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்:

“இது ஓஸ்னியேலோட இடம். அவன் உள்ள இருக்கான். யாரும் இதை நிரப்பாதீங்க.”

தடையைத் தாண்டும் செயலி ஒன்றின் வழியாக அதை ஏற்றினோம். மறுநாள் லீமாவிலிருந்து ஒரு வெனிசுவேலாக்காரன் தன் சமையலறையில் உட்கார்ந்து நாலு கம்பி குவாத்ரோவில் அதையே வாசித்து அனுப்பினான். அந்த இடத்தில் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். நாட்டைவிட்டு ஓடிவந்த ஒரு நிகராகுவாக்காரி கோஸ்தாரிக்காவிலிருந்து மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தில் வாசித்தாள். பொகோதாவில் டிராம்போன் ஊதுபவர்கள் ஆறு பேர், தெருவிலேயே. அந்த இடம் வந்ததும் ஆறு பேரும் கருவிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஒரு பேருந்து ஹார்ன் அடித்தது, யாரும் அசையவில்லை. மத்ரிதில் ஒரு ஆள் ஆர்வக்கோளாறில் டிரம்மை வாங்கி அந்த இடத்தை நிரப்பி வாசித்துவிட்டான். கீழே அவனுக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. பாவம், அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

வாரக் கடைசிக்குள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

4

ஆகஸ்டில் எங்களைக் கூட்டி உட்காரவைத்தார்கள். மாகாணப் பண்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். பேண்டை வைரிகள் கைப்பற்றிவிட்டார்கள் என்றார். இடானியா அக்கா வேறொரு காணொளி போட வேண்டும். முதலாவதை யாரோ வெட்டி ஒட்டிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

“வெட்டல. ஒட்டல. நான்தான் வாசிச்சேன்” என்றாள்.

“போனை யார் பிடிச்சது?”

கூடத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம்.

“நாற்காலி மேல வச்சேன்.”

“அந்த விரல் யாரோடது?”

“நாற்காலியோடது.”

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (இந்தக் கதையின் பழைய வடிவம் ஒன்றில் நான் எழுந்து ‘என்னோடது’ என்கிறேன். படிக்க அருமையாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.)

அவளை நீக்கும் தாளில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். கிளாரினெட் அரசாங்கத்துடையது, அவள் அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, ரசீது வாங்கிக்கொண்டு போனாள். மறு வாரம் நான் முதல் கிளாரினெட் ஆனேன். அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள்.

* மாஸ்டரை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். தொப்பை, வியர்வை, எல்லாம் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டுக் கேட்டாள்: “கையெழுத்துப் போட்டவர் வில்லன்னா, நாற்காலி மேல உக்காந்தவன் யாருடா?” அதனால் தொப்பையை எடுத்துவிட்டேன். அவரைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அவள் வீட்டு வாசலில் மாதம் ஒருமுறை யாரோ ஒரு பொட்டலம் காப்பித்தூள் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்தான் என்று அக்கா நினைக்கிறாள். அவர் பெண்சாதி என்று நான் நினைக்கிறேன்.

5

டிசம்பரில் வழக்கு. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஓஸ்னியேலின் மனைவி மைதெலின் அக்காவின் வீட்டுக்கு வந்தாள். நான் அங்கே இருந்தேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“உங்களை யாரு கேட்டா அக்கா?”

“எதை?”

“அந்த வீடியோவை. அரசு வக்கீல் எட்டு வருஷம் கேக்கப்போறாராம். வெளிநாட்டுக்காரன் எல்லாம் அவர் பேரைச் சொல்றான், அதனாலயாம். உங்களுக்கு லைக்கு கிடைச்சுது. அவருக்கு என்ன கிடைச்சுது?”

“நான் லைக்குக்காகப் போடல, மைதெலின்.”

“தெரியும். நீங்க நல்லவங்க. அதான் என்னால உங்களைத் திட்டக்கூட முடியல. எடுத்துடுங்க.”

அக்கா கைப்பேசியை எடுத்தாள். மைதெலின் கண் முன்னாலேயே அழித்தாள். அதுவரைக்கும் பிறர் வாசித்து அனுப்பியவை நூற்றுக்கணக்கில் அப்படியே இருந்தன. அவற்றை யாராலும் அழிக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மைதெலின் அதன் பிறகுதான் உட்கார்ந்தாள். காப்பி குடித்தாள்.

ஐந்து வருஷம் தீர்ப்பானது. காணொளியால் எட்டு ஐந்தாகக் குறைந்ததா, ஒன்று ஐந்தாக ஏறியதா? இதை எழுத உட்கார்ந்தபோது அதற்குப் பதில் கிடைக்கும் என்று நம்பினேன். எழுதுவதால் அப்படியெல்லாம் எதுவும் கிடைப்பதில்லை. ஐந்து வருஷம் என்பது ஐந்து வருஷம்.

6

பிப்ரவரியில், சிறைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு மைதெலின் நேராக அக்காவிடம் வந்தாள். சோப்பும் பால்பவுடரும் கொண்டுபோன காலிப் பை தோளிலேயே இருந்தது. முகம் ஒரு மாதிரியாக இருந்தது. என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தோம்.

“ஒரு காவல்காரன் தன் போன்ல போட்டுக் காட்டியிருக்கான். நீங்க அழிச்சதை யாரோ சேத்து வச்சிருக்காங்க. அவர் கேட்டுட்டாரு.”

“என்ன சொன்னான்?” அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

“ரொம்பக் கோவமா இருக்காரு.”

“என்மேலயா?”

“நாலு அடி விடணுமாம். நீங்க மூணரையில குதிச்சுட்டீங்களாம். ‘அந்தப் பொம்பளைக்கு எப்பவுமே அவசரம்’னாரு. உலகம் பூரா அவளைப் பாத்து மூணரை விடுறானுங்களாம், தப்புத் தப்பா. மானம் போகுதாம்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். மைதெலினும். சிரித்துச் சிரித்து மைதெலின் சுவரில் சாய்ந்து அழுதாள். அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, “பெட்டியைக் கொண்டா” என்றாள்.

அரசாங்கக் கிளாரினெட்டைப் பேண்டிலிருந்து நீக்கியவளிடம் கொடுப்பது என்ன குற்றம் என்று எனக்குத் தெரியும். கொண்டுவந்தேன். இந்த முறை மைதெலின் படம் பிடித்தாள். கை ஆடவே இல்லை. நாலு அடி, முழுசாக. நான் பக்கத்தில் நின்று காலால் எண்ணினேன். படத்தில் என் முகமும் இருக்கிறது. அதன் கீழே அக்கா ஒரே ஒரு வரி எழுதினாள்: ‘திருத்தம். மெட்டுப் போட்டவன் சொல்லி அனுப்பியது.’

லீமாக்காரன் அன்றே திருத்தி வாசித்தான். பொகோதாவில் அந்த ஆறு பேரும் மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

(என்னை இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதை எழுதினால் இது என் கதையாகிவிடும். வேலை போகவில்லை, ஊரில் வேறு கிளாரினெட்காரன் இல்லை.)

7

முடிவுகள். மூன்று எழுதிவைத்திருந்தேன்.

ஒன்றில் ஓஸ்னியேல் விடுதலையாகி வருகிறான், ஊரே— (இல்லை. இதை எழுதும்போது அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். என் பேனாவால் ஒரு பூட்டையும் திறக்க முடியாது.)

இன்னொன்றில் இடானியா அக்கா நாட்டைவிட்டுப் போகிறாள். (“எங்கடா போறது? என் தக்காளிச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?”)

மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது போன ஞாயிறு வந்துவிட்டது. அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பூங்காவில் வாசித்துக்கொண்டிருந்தோம். நாற்பது பேர் இருப்பார்கள். கடலை விற்பவர், நாய்கள், ஓரத்தில் சாதாரண உடையில் நின்ற இரண்டு போலீஸ்காரர்கள் உட்பட. ஒரு வால்ட்ஸ் முடிந்தது. முன்வரிசையில் மைதெலின் எழுந்தாள். மூன்று வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

“மாஸ்டர், அந்தக் கொங்காவை வாசிங்க.”

மாஸ்டர் திரும்பவில்லை. “நிரல்ல இல்லம்மா.”

“தெரியும். நிரலை நீங்கதானே எழுதுறீங்க.”

கடலைக்காரர் கூவுவதை நிறுத்திவிட்டார். மாஸ்டர் தாள்களைப் புரட்டினார். புரட்டுவதற்கு எதுவும் இல்லாதபோதும் புரட்டினார். நான் கிளாரினெட்டை உதட்டில் வைத்தேன். என்னைப் பார்த்து டிரம்பெட்காரன் வைத்தான். பிறகு ஒவ்வொருவராக. புதிதாகச் சேர்ந்த டிரம்காரன் குச்சியை மடியில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டான்.

மாஸ்டர் எங்களைப் பார்த்தார். ஓரத்தில் நின்ற அந்த இருவரையும் பார்த்தார். பிறகு எங்களை நடத்தும் கோலை எடுத்தார்.

அதை வைத்து என்ன செய்தார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொல்ல மாட்டேன். எழுத்தில் வந்தால் அது சாட்சியம். அவருக்கு அறுபத்திரண்டு வயது. ஏன் சொல்லவில்லை என்று கொஞ்சம் யோசித்தீர்களென்றால், நான் சொல்லவே வேண்டியதில்லை.