ஜன்னலுக்கு அடிக்கல்

"சாயுது" என்றார் அப்பா.

அவள் ஜன்னல் சட்டத்தைத் தோளில் தாங்கியபடி திரும்பிப் பார்த்தாள். மறுமுனையை அம்மா பிடித்திருந்தாள். கட்டிலில் அப்பாவின் கண்கள் பாதிதான் திறந்திருந்தன.

"எந்தப் பக்கம்ப்பா?"

"உங்கம்மா பக்கம்தான். எப்பவும் போல."

அம்மா தன் முனையைக் கொஞ்சம் உயர்த்தினாள். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் சட்டம் மறுபடி ஆடியது.

காலையில் வந்த மருத்துவர் இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கிடையில் கிடக்கிறவன் பக்கத்தில் எவளாவது சுவரை இடிப்பாளா என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். இடித்தது நேற்று. தூசி படாமலிருக்க அப்பாவைப் போர்வையோடு கூடத்துக்குத் தூக்கிப் போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடிக்க வேண்டிய இடத்தைக் காட்டியவரே அவர்தான்.

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவர் கேட்டது ஒன்றுதான். தெரு தெரிய வேண்டும். மழைக்காலத்தில் அவள் சாக்கட்டியால் சுவரில் ஒரு சதுரம் வரைந்து, இங்கே ஜன்னல் வரும் என்றாள். சதுரம் அப்படியே இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைக் காட்டுவார்.

"எங்க அமைச்சர் அடிக்கல் நாட்டியிருக்காங்க. திறப்பு விழாவுக்குச் சொல்லி அனுப்புவாங்க, வந்துடுங்க."

அவர் கொத்தனார். அடிக்கல் நாட்டு விழா என்றால் ஒப்பந்தக்காரர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்லை நிறுத்தி, கலவையைக் குழைத்து, புதுக் கொத்துக்கரண்டியைத் துடைத்துத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். தலைவர் ஒரு கரண்டி பூசுவார், படம் எடுப்பார்கள், கை தட்டுவார்கள். கலவையில் சிமெண்ட் பேருக்குத்தான் இருக்கும். கூட்டம் கலைந்ததும் கல்லைப் பெயர்த்து, பின்பக்கம் வேறு எழுத்து வெட்டி, வேறு ஊரில் நிறுத்துவார்கள். அடுத்த தெருவில் வருவதாக இருந்த மருத்துவமனையின் கல்லும் அப்படித்தான் ஒரு பாலத்துக்குப் போனது. பாலமும் வரவில்லை.

"கட்டப்போறவன் யாருன்னு எனக்கு மறுநாளே தெரிஞ்சிடும்" என்பார் அப்பா. "புதுசா பூசினதுக்குத் தண்ணி விடணும். விடலைன்னா வெடிச்சிடும். இத்தனை கல்லு வச்சேன், நாளைக்கு வந்து தண்ணி விடுப்பான்னு ஒருத்தன் சொன்னதில்ல."

இப்படித்தான் அடிக்கல் அந்த வீட்டில் ஒரு வசைச்சொல் ஆனது. அம்மா கேட்ட அலமாரி அடிக்கல்லோடு நின்றது. அத்தை குறைப்பதாகச் சொன்ன வெற்றிலைக்குப் பல அடிக்கல்கள் விழுந்தன. அமைச்சர் என்ற பட்டம் அவளுக்கு வேலையால் வந்தது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் புகார் தொலைபேசியை எடுப்பது அவள்தான். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. தெருவிளக்குக்காகத் தினமும் அழைக்கும் பெரியவர் ஒருவர், அவள் அதைச் சொல்லும்வரை காத்திருந்து, "சொல்லிட்டியாம்மா? சரி, அப்போ வச்சிடறேன்" என்பார். சில இரவுகளில் அவள் தூக்கத்தில் அதைச் சொல்வதாக அம்மா சொன்னாள்.

அப்பாவுக்குச் சொன்ன ஜன்னல் மட்டும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று இருந்தது அவளுக்கு. அதனால்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினாள்.

சட்டத்தின் மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்தது. அவள் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, ஓரங்களில் கலவையை அடித்து, சின்ன வயதில் அவர் அருகில் உட்கார்ந்து பார்த்தபடியே இழுத்துப் பூசினாள். கலவையில் ஒரு சிட்டிகை எடுத்து வரச் சொல்லி, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார் அப்பா. கையைத் துடைக்க விடவில்லை.

பகல் சாப்பாட்டு வேளையில் இருவரும் அவரைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சங்கிலியைத் திட்டிக்கொண்டு போனாள். வெளிச்சம் போர்வையில் விழுந்து, மெதுவாக அவர் கைவரை நகர்ந்தது. அத்தையும் வந்து கதவோரம் நின்றாள்.

"பரவால்ல" என்றார் அப்பா. "தெரு எங்கயும் போயிடல."

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"தண்ணி" என்றார். "ஊத்தும்மா."

அவள் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினாள். அவர் அவளையே பார்த்தார். பார்வையில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் கடைவாய் வழியே வழிந்தது. கையை ஜன்னல் பக்கம் கொஞ்சம் தூக்கினார். தெருவைக் காட்டுகிறார் என்று நினைத்து அவளும் பார்த்தாள். திரும்பியபோது கை போர்வைமேல் இருந்தது. கலவை காய்ந்த விரல்கள்.

மறுநாள் உறுப்பினர் மலர்வளையத்தோடு வந்தார். தேர்தல் நெருங்கியிருந்தது. வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள், வணக்கம் சொன்னார்கள். அவர் முதுகு திரும்பியதும் தெருமுனையில் முடிதிருத்துகிறவர், "ஓட்டு ஒண்ணு குறைஞ்சிடுச்சேன்னு பாக்க வந்திருக்காரு" என்றார். ஒலிபெருக்கி இல்லாமல் உறுப்பினரின் குரல் சின்னதாக இருந்தது. அவருக்கு வியர்த்திருந்தது. நல்ல மனுஷர், என் கையில் எத்தனை தரம் கரண்டி கொடுத்திருக்கிறார் என்றார். அந்த மருத்துவமனை மட்டும் நின்றுபோயிருக்கக் கூடாது, இந்த முறை கட்டாயம் வரும் என்றார். யாரோ இருமினார்கள். பேசிக்கொண்டே அவர் புது ஜன்னலின் விளிம்பில் கையை ஊன்றப் போனார்.

"அதுல சாயாதீங்க தம்பி" என்றாள் அம்மா. "இன்னும் கெட்டிப்படல."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அம்மா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள், வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்றாள்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தை கூடத்தில் தூங்கிப்போயிருந்தாள். அம்மா அப்பாவின் கட்டிலில், அவர் படுத்திருந்த பக்கமாகவே படுத்துத் தெருவைப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் அவள் உட்கார்ந்தாள்.

"அது என்னடி, மூலையில? தலைமுடி மாதிரி?"

அவள் எழுந்துபோய்ப் பார்த்தாள். ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து பூச்சில் ஒரு மெல்லிய கோடு இறங்கியிருந்தது. தொட்டாள். வெளுத்து, உலர்ந்து, பகல் முழுக்க வாங்கிய வெயிலோடு சூடாக இருந்தது. விரலை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

"என்ன?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

நேற்றைய தம்ளர் ஸ்பூனோடு கட்டிலுக்குக் கீழே இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சமிருந்தது. அவள் ஸ்பூனை எடுத்துவிட்டு, தம்ளரை மூலையில் வைத்து மெதுவாகச் சாய்த்தாள். பூச்சு கறுத்தது. சுவர் ஒரு சொட்டையும் கீழே விடாமல் குடித்தது.

அவள் வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள்.