பத்துப் புள்ளிகள்

பாம்பை நான் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தேன். தக்காளி வயலின் நடுவில், காய்ந்து, என் கையைவிட நீளமாகக் கிடந்தது. அன்றிலிருந்து உள்ளே போகவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா மோட்டார் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு படுத்து ஆறு வாரம். அம்மா விடிந்தால் மில்லுக்குப் போய்விடுவாள். சொட்டுநீரை போனிலேயே திறந்துவிடலாம். மிச்சம் என் பொறுப்பு. வாரம் ஒருமுறை வயலில் பத்து இடத்தில் நின்று, பத்து இலையைப் படம் பிடித்து ஆப்பில் அனுப்ப வேண்டும். நோய் இருந்தால் அது சொல்லும். நான் ரோட்டோர வரிசையிலேயே பத்தையும் பிடித்துவிடுவேன். வேறு வேறு செடியில்தான். ‘பயிர் நலம்’ என்று பச்சையில் வரும்.

அப்பா அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

“நான் கட்டில்ல கெடக்கேன். வயலு என் மக கையில கெடக்கு.”

“அப்ப கால் தேறினாலும் எந்திரிக்காதீங்க மாமா, வெள்ளாமை கெட்டுடும்” என்பார் பக்கத்து வயல்காரர்.

இன்று காலை பறிக்க ஆள் இறங்கியது. நாலாவது வரிசைக்கு அப்பால் எல்லாம் கருகல். தண்டு கறுத்து, காய் செடியிலேயே வெந்தது போலத் தொங்கியது. பறிப்புக்காக மில்லுக்கு லீவு போட்டிருந்த அம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். அப்பா ஒரு காயை எடுத்து அமுக்கினார். விரல் உள்ளே போய்விட்டது.

ஆப் கம்பெனிக்காரருக்கு போன் போட்டு அரை மணி நேரம் கத்தினார். அந்த ஆள் நிதானமாகத்தான் பேசினார்.

“ஐயா, ஒவ்வொரு படமும் எங்க நின்னு எடுத்ததுன்னு அதுலயே பதிஞ்சிருக்கும். நாளைக்கு வரேன். உங்க முன்னாலயே தெறந்து பாத்துடலாம்.”

“வாங்க. ஊரையே கூட்டி வைக்கிறேன். என் பொண்ணு ஒரு வாரம் தவறல.”

தவறவில்லைதான்.

எல்லோரும் படுத்த பிறகு ஆப்பில் தேடிப் பார்த்தேன். படம் எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடம் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. எங்கள் வயல் ஒரு சாம்பல் கட்டம். ரோட்டு ஓரமாக, சர்க்கரையில் மொய்த்த எறும்பு மாதிரி பத்துப் புள்ளிகள். நடுவில் ஒன்றுமில்லை. முந்தின வாரத்தைத் தொட்டேன். அதே இடம். அதற்கு முந்தினதும்.

“தூங்கலையாம்மா?” இருட்டில் அப்பாவின் குரல்.

“தூங்கறேன்பா.”

“போனை சார்ஜ்ல போட்டுட்டுப் படு. நாளைக்கு நமக்கு அதுதான் சாட்சி.”

சார்ஜர் ஒயர் என் கையில் இருந்தது. நாலு சதவீதம். பத்துப் புள்ளிகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.