மஞ்சள் மீனுக்கு ஒரு சாட்சி

முபீனா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கணவன் சுஹைப் ஷார்ஜாவுக்குக் கிளம்புமுன், சிதம்பரத்தில் வாங்கிய மீன்தொட்டியை முதுநகர் வீட்டுக் கூடத்தில் வைத்து, "எம் மீனுங்கள நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். வேறு என்னென்னவோ சொல்ல நினைத்திருப்பான். பக்கத்தில் அவன் அம்மா ஜெய்னப் நின்றிருந்தாள்.

அதனால் முபீனா மீன்களைப் பார்த்தாள். மாமி அடுப்படியிலும் மாமா அப்துல் ஹக் துணிக்கடையிலும் இருக்கும் நேரத்தில், வெங்காயம் உரிக்கிற சாக்கில் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் மஞ்சள் ஆண் மீன் தட்டைக் கல்லின் மேலிருந்த மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பி இடத்தைச் சுத்தம் செய்தது. பிறகு பெண் மீனின் எதிரே போய்த் துடுப்பையெல்லாம் விரித்து, குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உடம்பை உதறியது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. ஆண் விடவில்லை. பின்னாலேயே போய் மறுபடி உதறியது. கடைசியில் ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி இரண்டும் கல்லின்மேல் வட்டமடித்தன. பெண் முட்டையிட்டது. இட்ட மறுநொடியே திரும்பி அதை வாயில் எடுத்துக்கொண்டது.

முபீனாவுக்குக் காது சூடாயிற்று. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெண் மீன் இரையைத் தொடவில்லை. தாடை மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. வாரங்கள் போயின.

"நோன்பு முடிஞ்சு பெருநாளும் போயிடுச்சு. இது மட்டும் இன்னும் புடிக்குதே" என்றார் மாமா.

மாமி சிரிக்கவில்லை. "தொண்டையில கட்டி. மத்ததுக்கும் ஒட்டிக்கப் போவுது. நாளைக்குச் செதம்பரம் போறீங்கல்ல, கடையில குடுத்துட்டு நல்லதா ஒண்ணு மாத்திக்கினு வாங்க."

மறுநாள் காலை மாமா பாலித்தீன் பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி வலையைத் தொட்டிக்குள் விட்டாள். பஸ்ஸில் குலுங்கினால் வாயில் இருப்பதையெல்லாம் மீன் கக்கிவிடுமே என்று முபீனா பயந்தாள். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குரிய பதில், மாமனார் காதுபட ஒரு மருமகள் சொல்லக்கூடியதில்லை.

"மாமி... அதுக்கு நோவு இல்ல."

"பின்ன?"

"வாயில குஞ்சு வச்சிருக்கு."

"வாயிலயா? வயித்துல வச்சிருக்கும், வாயில எதுடி வைக்கும்?"

"முட்ட போட்டு எடுத்து வச்சிக்கிச்சு. நான் பாத்தேன்."

"என்னத்த பாத்தே?"

மாமா பையைப் பிடித்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முபீனா தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்: "ஆம்பள மீனு வந்து ஆடிச்சு. இது மொதல்ல போயிடுச்சு. அது திரும்பத் திரும்ப வந்து ஆடிச்சு. அப்புறம் இதுக்கும் புடிச்சிப்போச்சு."

மாமி வலையை வெளியே எடுத்துவிட்டு, கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தாள்.

"கெளுத்தி அறுக்கச்சொல்ல வாயில கோலிக்குண்டாட்டம் முட்ட வரும்" என்றாள் மெதுவாக. "வேற மீனு முட்டைய தின்னுட்டு வந்துருக்குன்னு இத்தினி வருஷமா திட்டிக்கினே கழுவுனேன். அல்லாவே."

மீன் வாயை ஒருமுறை அசைத்தது. இடுக்கில் கடுகளவு கருப்புக் கண்கள் தெரிந்தன.

"ஏங்க, உள்ள கண்ணு தெரியுது! இங்க வாங்க!"

"நான் வரல. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு." மாமா பைத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டாமலேயே தெருவில் இறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் மாமி தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"இப்ப சொல்லு. ஆடிச்சின்னியே அந்த ஆம்பள, எப்பிடி ஆடிச்சு?"

முபீனா முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து லேசாக உதறிக் காட்டினாள்.

"அவ்ளோதானா? இதுக்கா மயங்கிப் போச்சு?"

"இல்ல மாமி, இன்னும் ஜாஸ்தி" என்று இரண்டு கையையும் வெளியே எடுத்தாள் முபீனா.